கம்பெனி காது

நிறைமதியின் காது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது நின்றுபோனது. டிரைவர் பாட்டை அணைத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பக்கத்து இருக்கைப் பெண் தன்னைப் பார்த்து வாயசைப்பதைக் கவனித்தாள். எதிரே வந்த லாரி சத்தமே இல்லாமல் உரசிக்கொண்டு போனது.

ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவளுக்குக் கேட்கும் சக்தி போயிற்று. அதற்குள் நன்றாகப் பேசப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது. வளர்ந்து, ஒரகடத்தில் செல்போன் திரை செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவளைப் போன்ற சில பெண்களுக்குக் கம்பெனியே ஆபரேஷன் செய்து இந்தக் கருவியைப் பொருத்தியது. மேடை கட்டி, மாலை போட்டு, படம் எடுத்தார்கள். மண்டைக்குள் ஒரு மெல்லிய கம்பி. வெளியே, காதுக்கு மேல் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டத் தகடு. அந்தத் தகட்டுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்று ஆனபிறகு அதற்கும் அவ்வப்போது அப்டேட் வரத்தானே செய்யும். அன்று வந்த அப்டேட் பாதியில் நின்று எல்லாவற்றையும் கெடுத்திருந்தது.

கம்பெனி நலப்பிரிவிலிருந்து மெசேஜ் வந்தது. டெக்னீஷியன் வெளியூரில் இருக்கிறார், இரண்டு வாரம் ஆகும், அதுவரை விடுப்பில் இருக்கவும்.

அவள் கணவன் ஜெயசீலன் லோடு வேன் ஓட்டுகிறவன். மெசேஜை இரண்டு முறை படித்துவிட்டு, அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனான். அங்கே செல்போன் கடைகளுக்கு நடுவில் தஸ்தகீரின் கடை இருந்தது. செயற்கைக் கை, கண் கருவி, காது மிஷின் எல்லாம் ரிப்பேர் பார்க்கப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது.

தஸ்தகீர் தகட்டைக் கழற்றி ஒரு வயரில் மாட்டினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துத் தாடியைச் சொறிந்தார். உள்ளே இருந்ததை முழுக்க அழித்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினார். தகட்டை அவள் தலையில் ஒட்டியதும் உலகம் திரும்பி வந்தது. மின்விசிறி, தெருவில் யாரோ பேரம் பேசுவது, அப்புறம் தஸ்தகீரின் கரகரத்த குரல்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது, பாய்."

"சரி, சாவி குடு. லைசென்ஸ் நம்பர். பெட்டியோட ஒரு கார்டு வந்திருக்குமே."

அவள் பர்ஸிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள். அந்த நீளமான எண்ணை அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்தச் சாவி இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது.

தஸ்தகீர் மறுபடியும் தட்டிப் பார்த்தார். அதே வரி.

"தப்பான சாவியா?" என்றான் ஜெயசீலன்.

"சாவி சரிதாம்பா. கதவுதான் வேற. நான் ஏத்தினது தனிநபர் பதிப்பு. கடையில எல்லாருக்கும் அதுதான் போடுறோம். இது நிறுவனப் பதிப்போட சாவி. உன் வீட்டு கம்ப்யூட்டர்ல வீட்டுப் பதிப்பைப் போட்டுட்டு ஆபீஸ் சாவியைக் குடுத்தா எடுக்குமா? எடுக்காது. மிஷின் ஒண்ணுதான், புரோகிராமும் முக்காவாசி ஒண்ணுதான். ஆனா எந்தப் பதிப்புக்கு வாங்கினியோ அதுக்குத்தான் சாவி."

"அப்ப அந்த நிறுவனப் பதிப்பையே போடுங்க."

"அது என்கிட்ட இருக்காது. உங்க கம்பெனிக்காரன் உள்ளாரதான் இருக்கும்." அவர் நிறைமதியைப் பார்த்தார். "இது உன் சொந்தக் காதுன்னு நெனச்சுட்டு இருந்தியாம்மா?"

அவள் கார்டைத் திரும்ப வாங்கிப் பர்ஸில் வைத்தாள்.

"பயப்படாத. சாவி இல்லாமலே ஒரு வாரம் ஓடும். எல்லாம் வேலை செய்யும். அதுக்குள்ள கம்பெனில போய் அவங்களதைப் போட்டுக்க. இல்லைன்னா தனிநபர் சாவி ஒண்ணு வாங்கு. ரெண்டும் பண்ணலைன்னா ஒரு வாரம் முடிஞ்சதும் தானா நின்னுடும்."

திரும்பும் வழியில் ஜெயசீலன் சொன்னான், "ஆளு சாவி விக்கப் பாக்குறான்." அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

*

மறுநாள் மாலை போன் அடித்தது. பெயரில்லாத அந்த நம்பர். அடுப்படியில் இருந்த நிறைமதி ஹாலைப் பார்த்தாள். ஜெயசீலன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். இரண்டு வருடமாக அந்த வீட்டில் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

மாதம் ஒருமுறையாவது அந்த நம்பரிலிருந்து அழைப்பு வரும். எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். ஆனால் இணைப்பு செத்துப்போயிருக்காது. தூரத்தில் சேவல் கூவும். குழாயடியில் குடம் இடிபடும். பஸ் ஹாரன் கேட்கும். ஏதோ ஓர் ஊர், அதில் ஆள் மட்டும் இல்லை. நிறைமதி "யாருங்க, பேசுங்க" என்று சொல்லிப் பார்ப்பாள். காது மிஷினில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, வைக்காமல் காத்திருப்பாள். போன் பேச்சு நேராக மிஷினுக்குள்ளேயே போய்விடும் என்பதால் பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. ஜெயசீலனுக்குத் தெரிந்ததெல்லாம், அழைப்பு நாலைந்து நிமிடம் நீடித்தது என்பது மட்டும்தான்.

"பேசாத ஆளோட அஞ்சு நிமிஷம் என்ன பண்ற?" என்று ஒருநாள் கேட்டான். இன்னொரு நாள் போனைப் பிடுங்கி அவனே "ஹலோ" என்றான். உடனே துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். டிவி சத்தத்தைக் குறைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

நிறைமதி போனை எடுத்தாள்.

"நிறை, இந்தத் தடவையாவது பேசுடி."

அவள் கையிலிருந்த கரண்டி சிங்க்குக்குள் விழுந்தது. எஸ்தரின் குரல்.

எஸ்தர் அவளுக்கு அடுத்த இருக்கையில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். தூசி படக்கூடாத அந்தக் கூடத்தில் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி. கண்கள் மட்டும்தான் தெரியும். அப்படி இருந்தும் அவர்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள். திரை துடைக்கும் திரவம் பற்றி முதலில் கேள்வி கேட்டது எஸ்தர்தான். தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறாள் என்று பேச்சு வந்ததும் அவளுக்கும் நிறைமதிக்கும் சாப்பாட்டு நேரத்தை வேறு வேறாக மாற்றினார்கள். அந்த வாரமே எஸ்தர் அவளோடு பேசுவதை நிறுத்தினாள். நிறைமதி எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தாள். எஸ்தரின் கண்கள் அவளையே முறைக்கும். பதில் மட்டும் வராது. பிறகு எஸ்தரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. போகும்போதுகூடச் சொல்லிக்கொள்ளவில்லையே என்று நிறைமதிக்கு மனம் விட்டுப்போயிருந்தது.

"எஸ்தரா?" என்றாள் இப்போது.

மறுமுனையில் எஸ்தர் யாரையோ சும்மா இருக்கச் சொன்னாள். பிறகு, "கேக்குதா உனக்கு?"

நிறைமதி நம்பவில்லை. அந்த வருடங்களில் குரல் திருட்டு சாதாரணமாகிவிட்டிருந்தது. செத்துப்போன அப்பா குரலில் பேசிப் பணம் பறிக்கிறார்கள். மிஷினைத் திறந்து பார்த்த தஸ்தகீரே எதையாவது செய்திருக்கலாம்.

"நீ எஸ்தர்தான்னு நான் எப்படி நம்புறது? ஸ்கிரீன் துடைக்கிற தண்ணிக்கு நாம என்ன பேரு வெச்சிருந்தோம்?"

"மாப்பிள்ளை. தொட்ட உடனே காணாம போயிடும்னு நீதான் வெச்ச."

நிறைமதி அடுப்பை அணைத்தாள்.

"ரெண்டு வருஷமா போன் பண்றேண்டி," என்றாள் எஸ்தர். "நீ ஹலோ ஹலோங்கற. நான் பேசப் பேச, யாருங்க யாருங்கன்னு கேக்கற. அங்க லைன்லயும் அப்படித்தான். எல்லாரும் பேசுறது உனக்குக் கேக்குது, நான் பேசப் பேச, ஏன் பேசமாட்டேங்கறன்னு என்னையே கேட்ட. நடிக்கறன்னு நெனச்சேன். அப்புறம், வீட்ல யாரோ ஒட்டுக் கேக்குறாங்க, அதான் இப்படின்னு நெனச்சேன். கடைசில நீ கேட்டாலும் கேக்காட்டியும் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வெச்சுடுவேன்."

"நான் பேசுனப்ப நீதான் பதில் சொல்லல."

"சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

ஹாலில் டிவி முழுவதுமாக அணைந்தது. ஜெயசீலன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். "இன்னிக்கு பேச்சு வருது போல," என்றான்.

நிறைமதி அவனைப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து துண்டித்து, வெளி ஸ்பீக்கரில் போட்டு, சமையல் மேடை மேல் வைத்தாள்.

"யாருன்னு நீயே கேளு."

எஸ்தரின் குரல் அடுப்படியில் ஒலித்தது. செஞ்சியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு கைகளிலும் உணர்ச்சி போய்விட்டது, பொத்தான் போடக்கூட அண்ணி வரவேண்டும். அந்தத் திரவம்தான் காரணம் என்று போட்ட வழக்கு அடுத்த வாரம் கடைசி விசாரணைக்கு வருகிறது. அவள் அந்த இருக்கையில்தான் உட்கார்ந்தாள், கையுறை கொடுக்கவில்லை என்று சொல்ல ஒருவராவது வேண்டும். மெசேஜ் அனுப்பினால் சாட்சியைக் கலைப்பதாகச் சொல்லிவிடுவார்கள் என்று வக்கீல் எச்சரித்ததால்தான் எழுத்தில் எதுவும் அனுப்பவில்லை.

"ஒரு தடவை உன் வீட்டுக்காரர் எடுத்தாரு. சாட்சிக்குக் கூப்பிடறேன்னு தெரிஞ்சா விடமாட்டாருன்னு பயந்து வெச்சுட்டேன்."

ஜெயசீலன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அழைப்பு முடிந்தபிறகும் அப்படியே நின்றான்.

"பொம்பளப் பொண்ணா," என்றான்.

"நீ என்ன நெனச்ச?"

அவன் சொல்லத் தேவையில்லை. நிறைமதிக்குக் கோபத்தைவிட வேறொரு எண்ணம்தான் முன்னால் வந்தது.

"அவகூடச் சேராத, வேலை போயிடும்னு நீதான் எப்பவும் சொல்லுவ. நீ போய்க் கம்பெனில ஏதாவது சொன்னியா? அவ பேச்சு எனக்குக் கேக்காம பண்ணச் சொல்லி?"

"அப்படி ஒண்ணு முடியும்னே எனக்குத் தெரியாது, நிறை. தெரிஞ்சிருந்தா ரெண்டு வருஷம் இப்படிப் புழுங்கியிருப்பேனா?"

அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் போல இல்லை. ஆனால் இரண்டு வருடம் அவளும் பொய் சொல்லவில்லை. அவன் நம்பவில்லையே.

*

மறுநாள் காலை இருவரும் தாம்பரம் கடையில் நின்றார்கள். தஸ்தகீர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு பதிப்புக்கும் என்ன வித்தியாசம், பாய்?"

"தனிநபர் பதிப்புல எல்லாம் உன் கையில. நிறுவனப் பதிப்புல நிர்வாகின்னு ஒருத்தர் இருப்பாரு. எங்கயோ உக்காந்துகிட்டு எல்லா மிஷினையும் ஒரே இடத்துல இருந்து பாத்துப்பாரு. எந்தச் சத்தம் வேணும், எது வேணாம்னு அவர் முடிவு பண்ணுவாரு. உங்க கூடத்துக் கம்ப்ரஸர் சத்தத்தை அடக்கற மாதிரி."

"ஒரு ஆளோட குரலை வேணாம்னு வைக்க முடியுமா?"

தஸ்தகீர் டம்ளரைக் கீழே வைத்தார். "கம்ப்ரஸர் சத்தத்தை எப்படி எடுக்குறாங்க? ஒரு மாதிரியைப் பதிவு பண்ணிக் குடுப்பாங்க. இது வந்தா விடாதன்னு. மிஷினுக்கு கம்ப்ரஸரும் மனுஷனும் ஒண்ணுதாம்மா."

"யார் பண்ணாங்கன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"அழிச்சுட்டுத்தானே புதுசா ஏத்தினேன். எதுவும் மிச்சம் இல்ல." கொஞ்சம் தயங்கிச் சொன்னார், "ஆனா ஒண்ணு செய். அந்தக் கம்பெனி சாவி இல்லாமலே ஒருநாள் வேலைக்குப் போய்ப் பாரு."

வெளியே வந்ததும் ஜெயசீலன் அவளை நிறுத்திவிட்டு மறுபடியும் உள்ளே போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் தனிநபர் சாவிக் கார்டு இருந்தது. அவளிடம் நீட்டினான்.

"போடறதும் போடாததும் உன் இஷ்டம்," என்றான்.

*

காது சரியாகிவிட்டது என்று மட்டும் மெசேஜ் அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனாள். கூடத்துக்குள் நுழைந்ததும் இரைச்சல் முகத்தில் அறைந்தது. கம்பெனி பதிப்பில் இந்தக் கூடம் கோயில் பிராகாரம் மாதிரி அமைதியாக இருக்கும். இப்போது மோட்டார்களும் காற்றுக் குழாய்களும் சேர்ந்து அலறின. தகட்டைக் கழற்றிவிடலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். அவள் இப்போது லைன் லீடர். பதினைந்து பெண்களை மேற்பார்வை பார்க்கிறவள்.

கொஞ்ச நேரத்தில் இரைச்சலுக்கு நடுவே பேச்சுகள் பிரிந்து தெரிய ஆரம்பித்தன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேட்டதே இல்லாத சிரிப்பு. நிறைமதி திரும்பினாள். சந்தியா. அந்த லைனில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நிறைமதி அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தாள். எதைச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுகிற பெண் என்று மேலதிகாரிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அந்த சந்தியா பக்கத்துப் பெண்ணிடம் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"விசாரணைக்கு நம்ம லைன்லேருந்து யாராவது போவாங்களா?" என்று பக்கத்துப் பெண் கேட்டாள்.

"மெதுவாப் பேசு."

"எதுக்கு? லீடருக்குத்தான் நம்ம பேச்சு ஏறாதே."

"ஏறாதுன்னு நீ நினைக்கற. அது கம்பெனி காது. அவளுக்குக் கேக்காட்டியும் அவங்களுக்குக் கேக்கும்."

நிறைமதி திரை அட்டைகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டாள். இவர்களுக்கு விஷயம் ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை. இன்னும் எத்தனை பேர்? பேசாதவர்கள் என்று அவள் நினைத்திருந்த எல்லோரும் பேசியிருக்கலாம். தன்னை மதிக்காதவர்கள் என்று நினைத்தவர்கள் மரியாதையாக வணக்கம் சொல்லியிருக்கலாம்.

அப்போது பிரேமா கையை உதறிக்கொண்டு வந்தாள். அவளுக்கும் இதே கருவிதான். ஏழு வயதில் காது போய், காது கேளாதோர் பள்ளியில் உதட்டசைவைப் படிக்கக் கற்றவள். நிறைமதி கூட இருந்து வேலை பழக்கியவள். ஒரு மாதமாக எஸ்தர் உட்கார்ந்த அதே இருக்கையில்தான் அவளை வைத்திருந்தார்கள்.

"அக்கா, விரல்ல எறும்பு ஊர்ற மாதிரியே இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. சூப்பர்வைசர் கிட்ட சொல்லி இடம் மாத்தித் தாங்களேன்."

எஸ்தர் போனில் சொன்னது அப்படியே நிறைமதிக்கு ஞாபகம் வந்தது. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அப்புறம் அதுவும் இருக்காது.

"பிரேமா, நீ அந்த..." என்று ஆரம்பிப்பதற்குள் சூப்பர்வைசர் அவள் தோளைத் தொட்டான். நலப்பிரிவில் உடனே கூப்பிடுகிறார்கள்.

*

நலப்பிரிவுத் தலைவி சுகந்தி அன்பானவர் என்று பெயர் எடுத்தவர். ஆபரேஷன் நாளில் நிறைமதியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

"உக்காரும்மா. வெளியில போய் சரி பண்ணிட்டியாமே. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இரண்டு வாரம் ஆகும்னு சொன்னீங்க, மேடம்."

"உனக்காக டெக்னீஷியனை இன்னிக்கே வரவெச்சுட்டேன். கீழ இருக்கார். அரை மணி நேர வேலை."

இரண்டு வாரம் எப்படி மூன்று நாளாகச் சுருங்கியது என்று நிறைமதி யோசித்தாள்.

"மேடம், எஸ்தர் குரல் எனக்கு ஏன் கேக்காம இருந்துச்சு?"

சுகந்தி முகம் மாறவில்லை. "எந்த எஸ்தர்?"

"எனக்கு அடுத்த சீட்ல இருந்தவ. சந்தியா குரலும் கேக்கல. இன்னும் யார் யாரோ."

"இத பாரும்மா. கவனத்தைக் கெடுக்கற சத்தத்தையெல்லாம் குறைச்சு வைக்கறோம். உங்க பாதுகாப்புக்குத்தான். ஒரு செகண்டு கவனம் தப்பினா விரல் போயிடும்."

"மனுஷங்க குரலும் சத்தமா, மேடம்?"

"சில சமயம்." சுகந்தி இதை ரொம்ப மென்மையாகத்தான் சொன்னார். "வெளிப் பதிப்பு போட்ட மிஷினோட உன்னைக் கூடத்துக்குள்ள விட முடியாது. எங்க அபாய மணி அதுல வராது. விதி அது, நான் போட்டதில்ல. உன்னோட சாவி எங்க பதிப்புக்கு மட்டும்தான் பொருந்தும். இன்னும் மூணு நாலு நாள்ல தானா நின்னுடும். அப்புறம் இங்கதானே வரணும்? அதை இப்பவே பண்ணிக்கோ."

நிறைமதி மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். இந்த அறையில் பேசுவதும் எங்காவது மாதிரியாகப் பதிவாகிக்கொண்டிருக்குமோ என்று தோன்றியது.

"நான் வேற சாவி வாங்கிட்டேன், மேடம்."

சுகந்தி மேஜை மேல் கையை நீட்டினார்.

"அப்ப கேட் பாஸை வெச்சுட்டுப் போம்மா."

*

பிரேமாவுக்கு மூன்று மெசேஜ் அனுப்பினாள். அந்த சீட்டில் உட்காராதே, டாக்டரைப் பார், எனக்குப் போன் பண்ணு. பதில் இல்லை. சனிக்கிழமை சந்தியா எங்கிருந்தோ நம்பரைப் பிடித்துப் பேசினாள். நிறைமதியின் கருவியில் வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள், அவள் பேரில் வரும் அழைப்பையும் மெசேஜையும் நம்ப வேண்டாம் என்று கம்பெனி எல்லோருக்கும் அறிவித்திருக்கிறதாம்.

"நீ என்ன நினைக்கற?" என்று கேட்டாள் நிறைமதி.

"தெரியலக்கா," என்றாள் சந்தியா. "ஆனா நீங்க இப்பத்தான் முதல் தடவையா எனக்குப் பதில் சொல்றீங்க."

அன்று சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஜெயசீலன் அவளை பைக்கில் கம்பெனி வாசலுக்கு அழைத்துப் போனான். பெண்கள் முகமூடியைக் கழற்றியபடி கூட்டமாக வெளியே வந்து, வரிசையாக நின்ற பஸ்களில் ஏறினார்கள். பிரேமா மூன்றாவது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிரேமா," என்று கூப்பிட்டாள் நிறைமதி.

பஸ்ஸில் இருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். பிரேமா திரும்பவில்லை.

இன்னும் பக்கத்தில் போய்க் கூப்பிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன்சீட்டுப் பெண் கை காட்டிய பிறகுதான் பிரேமா ஜன்னல் பக்கம் பார்த்தாள். நிறைமதியைக் கண்டதும் அவள் முகத்தில் முதலில் சந்தோஷமும் பிறகு பயமும் வந்தன.

"என்னக்கா, வாயை மட்டும் அசைக்கறீங்க? தொண்டை கட்டிடுச்சா?"

நிறைமதி பேசுவதை நிறுத்தினாள். நேற்றுவரை தன் குரலுக்கு ஓடிவந்த பெண். ஒரே நாளில் வேலையை முடித்திருக்கிறார்கள்.

"என் குரலையும் சேத்துட்டாங்க," என்றாள் ஜெயசீலனிடம். "இனிமே நானும் கம்ப்ரஸர்."

ஜெயசீலன் பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்தான். ஜன்னல் கம்பியைத் தட்டினான்.

"பிரேமா, நான் பேசறது கேக்குதாம்மா?"

"கேக்குதுண்ணா."

அவன் கம்பெனி ஆள் இல்லை. அவன் குரலின் மாதிரி அவர்களிடம் இருக்க நியாயமில்லை.

"நீ சொல்லு, நிறை. நான் அப்படியே சொல்றேன்."

நிறைமதி சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். "நீ உக்காந்திருக்கறது எஸ்தர் சீட்டு. அவளுக்கும் எறும்பு ஊர்ற மாதிரிதான் ஆரம்பிச்சுது. இப்ப அவளால பொத்தான் போட முடியல." நிறைமதி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தாள். அவன் எதையும் மாற்றவில்லை. "திங்கக்கிழமை வேலைக்குப் போகாத. முதல்ல டாக்டர். செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு நான் போறேன். நீயும் வந்தா நல்லது."

பிரேமா இவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பிய மாதிரி தெரியவில்லை.

"என் புருஷனே ரெண்டு வருஷம் என்னை நம்பல," என்றாள் நிறைமதி. "நீயாவது நம்பு."

ஜெயசீலன் வாயைத் திறந்து, மூடினான். பஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினார். பெண்கள் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் புருஷனே ரெண்டு வருஷம் என்னை நம்பல," என்று அவன் உரக்கச் சொன்னான். "நீயாவது நம்பு."

பிரேமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க," என்றாள். "இதெல்லாம் அக்கா சொல்றதா, நீங்க சொல்றதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பஸ் உறுமி, ஓரடி நகர்ந்தது. பிரேமா சட்டென்று எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கு வந்து இறங்கினாள். பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. சாலையோரத்தில் நிறைமதிக்கு நேர் எதிரே வந்து நின்று, கையை உயர்த்தி, தலையில் ஒட்டியிருந்த தகட்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். ஒரகடத்துச் சாலையின் அத்தனை சத்தமும் அவளுக்கு நின்றுபோனது. அவள் கண்கள் நிறைமதியின் உதடுகளுக்கு வந்தன.

"இப்ப சொல்லுங்கக்கா," என்றாள். "மெதுவா."